நாற்பது காத்து

செப்டம்பர் 7, ஞாயிறு

காத்து: முன்னால் 20, பின்னால் 22.

வேதியியல் ரெக்கார்டு நோட்டில் இன்னும் முப்பது பக்கங்கள் மீதி இருக்கின்றன. பத்து மாதமாக இதில் அண்ணனின் பிக்கப் வண்டியின் டயர் காத்தை மட்டும் எழுதி வருகிறேன். தினமும் ஒரு வரி. இன்று அதற்கு மேலும் எழுத வேண்டும்போல் இருக்கிறது.

அண்ணன் காலையில் வண்டியைச் சுற்றி வந்து நான்கு டயர்களையும் நகத்தால் கீறிப் பார்த்தார். "பட்டனெல்லாம் தேஞ்சு போச்சு. மழைக்கு முன்னாடி மாத்திப் போடோணும்" என்றார்.

"எந்த டயரு?" என்று அம்மா கேட்டாள்.

"கட்டை டயருதான். இந்தத் தடவ யோசனையே கெடையாது."

கட்டை டயர் என்றால் சேற்றுக்கென்று செய்த டயர். விரல் நீளத்துக்கு ரப்பர் கட்டைகள் துருத்திக்கொண்டிருக்கும். இப்போது இருப்பது எல்லாத் தடத்துக்கும் போடுகிற சாதா பட்டன் டயர். அம்மா ராகியைப் புடைக்கத் தொடங்கினாள். அண்ணிக்கு ஏழாம் மாதம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள், "டீ ஆறுது" என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். அது அண்ணனுக்குச் சொன்னது. அண்ணி அவரிடம் இப்படித்தான் பேசுகிறாள். கதவிடம், அடுப்பிடம், சில சமயம் என்னிடம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

காத்து: 20, 20. அவரைக்காய் பறித்தோம். அண்ணிக்குக் கால் வீக்கம்.

செப்டம்பர் 13, சனி

காத்து: 20, 20. (காத்துக்கல்லில் 32.)

அண்ணனோடு கீழே சத்தி டவுனுக்குப் போனேன். எங்கள் ஊர் மாவுக்கல்லிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் மண் தடம். நடுவில் அத்திப்பள்ளம் ஓடை. தடம் முடிந்து தார் ரோடு தொடங்கும் இடத்தில் இடுப்பளவு பாறை ஒன்று இருக்கிறது. அதைத்தான் காத்துக்கல் என்போம். மலையிலிருந்து இறங்கும் வண்டி எதுவும் அங்கே நிற்காமல் போகாது. மண் தடத்தில் காத்து இருபது இருந்தால் டயர் அகலமாகப் படுத்து மண்ணைப் பிடிக்கும். தாரில் அப்படிப் போனால் டயர் சூடாகும், திருப்பத்தில் ஆடும். அதனால் கீழே போகும்போது கல்லருகே நிறுத்தி, பேட்டரியில் மாட்டும் சின்னப் பம்பினால் காத்து ஏற்றுவார்கள். மேலே வரும்போது அதே இடத்தில் இறக்குவார்கள். லோடு இருந்தால் நாற்பது. ஊரில் கல்யாணத்துக்கு அவசரமாகப் போகிறவர்கள்கூட அங்கே இறங்கிக் கதை பேசிக்கொண்டுதான் இருப்பார்கள்.

டயர் கடையில் இஸ்மாயில் பாய் இரண்டு வகை டயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் உருட்டி நிறுத்தினார்.

"கட்டை டயரு பாக்க நல்லா மொரடா இருக்கும் தம்பி. சேத்துல சும்மா பிச்சுக்கிட்டுப் போகும். கட்டைக்கு நடுவுல இருக்கற சேத்த அதுவே ஒதறிரும். ஆனா தாருல, அதுவும் ஈரத் தாருல, ரோட்டத் தொடறது அந்தக் கட்டை நுனி மட்டுந்தான். பிரேக் அடிச்சா வழுக்கும். உனக்குச் சேறு எத்தன தூரம், தாரு எத்தன தூரம்? மொதல்ல அதச் சொல்லு."

"சேறு ஒம்போது. தாரு இருபத்திநாலு."

"திருப்பம்?"

"பதினொண்ணு."

"அப்புறம் என்ன கேக்கற?"

அண்ணன் கட்டை டயரின் மேல் கை வைத்தார். பிறகு, "போன வருசம் அந்த ஒம்போதுலதான் பாய் என் பையன் போனான்" என்றார்.

பாய் தலையிலிருந்த தொப்பியைச் சரி செய்துகொண்டார். அண்ணன் முழுவதும் சொன்னார். வலி வந்த அண்ணியை ஏற்றிக்கொண்டு இறங்கியது, அத்திப்பள்ளத்தில் வண்டி சிக்கியது, சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றியது, பத்துப் பேர் தள்ளியது, டிராக்டர் வர ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆனது. "அன்னிக்குக் கட்டை டயரு இருந்திருந்தா அப்பவே ஏறியிருக்கும்" என்றார்.

நான் கடையின் சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சாக்பீஸ் துண்டு கிடந்தது. கழற்றிய டயர்களில் வண்டி நம்பரை எழுதி வைப்பதற்கு.

"ஒரு மாசம் கழிச்சு வாரேன். எடுத்து வைங்க" என்று அண்ணன் சொல்லிவிட்டு வந்தார்.

செப்டம்பர் 15, திங்கள்

காத்து: 20, 20.

எங்கள் ஊர்ச் சென்னப்பண்ணன் போன வாரம்தான் தன் பிக்கப்புக்குக் கட்டை டயர் போட்டிருக்கிறார். எங்கள் வாசலில் வேண்டுமென்றே வண்டியை முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டினார்.

"என்றா மாதேசு, இன்னும் அந்த வழுக்கை டயருதானா? உன்ற மண்டையாட்டவே இருக்குது."

அண்ணன் சிரித்தார். அவர் சிரித்துப் பல நாட்கள் ஆகின்றன. "உன்ற வண்டி போற சத்தத்துக்கு யானையே பயந்து அக்கட்டப் போயிரும் போ" என்றார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

காத்து: 20, 20.

மழை. ஏழாவது திருப்பத்தில் சென்னப்பண்ணன் வண்டி வழுக்கித் தடுப்புச் சுவரில் மோதி நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. முட்டைக்கோஸ் மூட்டைகள்தான் கீழே உருண்டு போயின. பிரேக் போட்டதும் வண்டி பனிக்கட்டிமேல் நிற்கிற மாதிரி நழுவியது என்று அவரே சொன்னார்.

அண்ணன் நம்பவில்லை. "அவன் எப்பவும் வெசயாத்தான் போவான். டயரு என்ன பண்ணும்?"

"ஏனுங்கண்ணா, சாதா டயரே..." என்று தொடங்கினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. எப்போதும் இப்படித்தான். வகுப்பிலும் விடை தெரிந்தாலும் எழுந்து நிற்க மாட்டேன்.

"அன்னிக்கு நீயும் வண்டியிலதான இருந்த, கௌசி? பாத்தீல்ல?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

காத்து: 20, 20.

மலைக்கு வரும் நர்சம்மா அண்ணியைப் பார்த்துவிட்டுப் போனார். தலை கீழே திரும்பிவிட்டதாம். நவம்பர் பதினைந்து என்று நாள் குறித்திருக்கிறார்கள். ஒன்றாம் தேதியே சத்தி ஆஸ்பத்திரிக்கு வந்து தங்கிவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அண்ணன் காலண்டரில் வட்டம் போட்டார்.

நர்சம்மா என்னிடம், "நீ ஏம்புள்ள ப்ளஸ் ஒன் பாதியில நின்னுட்ட? நல்லாப் படிப்பேன்னு உங்கம்மா சொல்றாங்களே" என்று கேட்டார். அண்ணிக்குத் துணைக்கு என்றேன். எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன்.

அக்டோபர் 2, வியாழன்

காத்து: 20, 20. ராத்திரி சாப்பிடவில்லை. அம்மா திட்டினாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதினால் ஒருவேளை சொல்லவும் வரும்.

போன வருடம் தீபாவளி விடுமுறைக்கு ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தேன். நவம்பர் இரண்டு, சனிக்கிழமை. மறுநாள் விடியலில் அண்ணன் மக்காச்சோள லோடு ஏற்றிக்கொண்டு சத்தி போவதாக இருந்தது. காத்துக்கல்லில் நாற்பது ஏற்ற அரைமணி நேரம் ஆகும், குளிரில் நிற்க வேண்டும். பத்து நாளாக மழை இல்லாமல் தடம் காய்ந்து கிடந்தது. அண்ணன் மெச்சுவார் என்று நினைத்து, அன்று சாயங்காலமே வாசலில் வைத்து நான்கு டயருக்கும் நாற்பது ஏற்றிவிட்டேன். வீட்டில் வைத்துக் காத்து ஏற்றுவது எங்கள் ஊரில் யாரும் செய்யாத வேலை. காலையில் சொல்லலாம் என்றிருந்தேன்.

அன்று ராத்திரி மழை கொட்டியது. விடியலில் அண்ணிக்கு வலி. மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு அண்ணியைப் பின்னால் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். வாசலில் இருக்கும் வண்டியில் இருபதுதான் இருக்கும் என்பது அண்ணனுக்கு, அவருக்கு மட்டுமில்லை, ஊரில் எல்லோருக்கும் பழக்கம். யாரும் பார்க்கவில்லை.

பள்ளத்தில் சக்கரம் சுற்றத் தொடங்கியபோது எனக்கு ஞாபகம் வந்தது.

நான் அண்ணியின் தலையை மடியில் வைத்திருந்தேன். பத்து ஆண்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அழுதுகொண்டே ஆக்சிலேட்டரை மிதித்தார். இறங்கி, தலையிலிருந்த பின்னை எடுத்து வால்வை அழுத்தியிருந்தால் போதும். சொன்னால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். டிராக்டர் இதோ வந்துவிடும் என்றார்கள். அதோ வந்துவிடும் என்று நானும் இருந்தேன்.

கல்லருகே யாரும் நிற்கவில்லை. நேராக ஆஸ்பத்திரி.

மறுநாள் காலையில் எல்லோரும் உள்ளே இருந்தபோது நான் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நான்கு டயரிலும் காத்தை இருபதாக இறக்கி வைத்தேன்.

அக்டோபர் 8, புதன்

காத்து: 20, 20.

மத்தியானம் அம்மா காட்டுக்குப் போயிருந்தாள். அண்ணி காலை அமுக்கிவிடச் சொன்னாள். பாதத்தில் விரல் வைத்தால் குழி விழுகிறது.

அவள் கண்ணை மூடியிருந்ததால்தான் எனக்குச் சொல்ல வந்தது. "அண்ணி, அன்னிக்கு வண்டியில காத்து நாப்பது இருந்துச்சு."

"தெரியும்" என்றாள்.

என் கை நின்றுவிட்டது.

"படுத்துட்டு வந்தது நாந்தான? ஒவ்வொரு கல்லும் முதுகுல ஏறுச்சு. இருபதுல அப்படி ஏறாது. வலியில அப்ப ஒண்ணும் தோணல. ஆஸ்பத்திரியில படுத்துக் கெடக்கும்போதுதான் தோணுச்சு."

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"உங்கண்ணன் மறந்துட்டார்னு நெனச்சேன். தெரிஞ்சா அந்த மனுசன் உசுரோட இருப்பாரா? ஆனா மொகத்தப் பாத்துப் பேசத்தான் என்னால முடியல."

"அண்ணன் இல்ல, அண்ணி. நான் அடிச்சேன். முந்தின நாளே."

அண்ணி காலை என் கையிலிருந்து இழுத்துக்கொண்டாள். கஷ்டப்பட்டு எழுந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் என்னைப் பார்த்தாள். நான் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"பதினோரு மாசமா நான் அவர..." என்று தொடங்கி நிறுத்தினாள். பிறகு சொன்னாள்: "அவருகிட்ட நீதான் சொல்லோணும். நான் சொல்ல மாட்டேன். அந்த டயர மாட்டறதுக்கு முன்னாடி சொல்லு. இந்தத் தடவயும் பின்னாடி படுத்துட்டுப் போறது நாந்தான்."

சாயங்காலம் அண்ணன் வந்ததும் அண்ணியே டம்ளரை எடுத்துப் போய்க் கையில் கொடுத்தாள். "சக்கர போதுமாங்க?" என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அண்ணன் குடிப்பதற்கு முன்பே "போதும், போதும்" என்றார்.

என்னோடு அண்ணி பேசவில்லை.

அக்டோபர் 11, சனி

சத்தி போகும் வழி முழுவதும் சொல்ல வேண்டும் என்றிருந்தேன். பதினொரு திருப்பம். ஒவ்வொரு திருப்பத்திலும் அடுத்ததில் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு கடை வந்துவிட்டது.

பாய் வண்டியை ஜாக்கியில் தூக்கிப் பழைய டயர்களைக் கழற்றிச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்தார். கட்டை டயர்கள் நான்கும் பாலிதீன் உறையோடு வாசலில் கிடந்தன. அண்ணன் அவற்றை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார்.

தரையில் கிடந்த சாக்பீஸை எடுத்தேன். முதல் டயரில் 40 என்று எழுதினேன். இரண்டாவதில் 40. மூன்றாவது, நான்காவது. நான்காவதில் கீழே நவம்பர் 3 என்றும் எழுதினேன்.

"என்ன கௌசி இது?"

"பள்ளத்துல சிக்குன அன்னிக்கு இருந்த காத்துங்கண்ணா."

"இருபது இருந்துச்சு."

"இல்லீங்கண்ணா. முந்தின நாளே நான் வீட்ல வெச்சு அடிச்சுட்டேன்."

"ஆஸ்பத்திரியில நானே மீட்டர் வெச்சுப் பாத்தேன். இருபதுதான்."

"நான் எறக்கி வெச்சேன்."

பாய் கம்ப்ரசரை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் குனிந்து ஒரு டயரில் எழுதியிருந்ததை உள்ளங்கையால் துடைத்தார். நான்கு அழிந்தது, பூஜ்யம் அழியவில்லை. அந்த டயரைக் கீழே தள்ளி அதன்மேலேயே உட்கார்ந்தார். ரோட்டில் ஒரு பஸ் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பின்னாடிதான ஒக்காந்திருந்த?"

"ஆமாங்க."

"அந்த ஒண்ணேமுக்கா மணி நேரமும்?"

"ஆமாங்க."

அவர் எழுந்துகொண்டார். பாய் வந்ததும், "கட்டை டயரு வேண்டாம் பாய். சாதா பட்டன் டயரே புதுசா மாட்டுங்க" என்றார்.

"நல்லா யோசிச்சுட்டியா தம்பி?"

"நாந்தான் ஒரு வருசமாத் தப்பா யோசிச்சுட்டு இருந்துட்டேன்."

திரும்பும்போது காத்துக்கல்லில் அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்திருந்தார். நான் இறங்கி நான்கு டயரிலும் காத்தை இறக்கினேன். எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

காத்து பார்க்கும் மீட்டர் எப்போதும் தொங்கும் ஆணியில் இல்லை. அண்ணன் எடுத்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.

காத்து: தெரியாது.

அக்டோபர் 13

காத்து: தெரியாது.

அக்டோபர் 16, வியாழன்

அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. அண்ணன் சொல்லியிருப்பார். காலையில் எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு, தட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். அண்ணன் நான் இருக்கும் இடத்துக்கு வருவதில்லை. நான் அடுக்களையில் இருந்தால் அவர் தண்ணீர்கூடக் கேட்பதில்லை.

அண்ணியும் அண்ணனும் வாசலில் உட்கார்ந்து பேசுவது கேட்கிறது. என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. நடுவில் ஒருமுறை அண்ணி சிரித்தாள். அதுவரைக்கும் நல்லது.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

"கௌசி, தலைக்கு எண்ணெ வெச்சுக்கோ" என்றாள் அண்ணி. பன்னிரண்டு நாளில் முதல் பேச்சு. கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

காத்து: தெரியாது.

அக்டோபர் 22, புதன்

நேற்றிலிருந்து மழை விடவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

ஆஸ்பத்திரி. நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அண்ணி அடுப்படியில் குனிந்தவள் நிமிரவில்லை. மூன்று வாரம் முந்தியே வலி. வெளியே மழை. அண்ணன் ஓடிப்போய் முதலில் டயரின் பக்கத்தில் உட்கார்ந்தார். மீட்டரை வால்வில் வைக்க வைக்க அது நழுவியது. இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு, திரும்பாமல் மீட்டரைப் பின்பக்கமாக நீட்டினார். நான்தான் பின்னால் நின்றிருந்தேன்.

நான்கையும் பார்த்தேன். "இருபதுங்கண்ணா."

"மறுபடியும் பாரு."

"இருபது."

போன தடவை போலவே அண்ணியின் தலை என் மடியில். அத்திப்பள்ளத்தில் தண்ணீர் அவ்வளவாக இல்லை, ஆனால் அக்கரை ஏற்றம் களியாகக் குழைந்து கிடந்தது. பாதி ஏறியதும் சக்கரம் அதே இடத்தில் சுற்றத் தொடங்கியது. பின்னாலேயே தன் வண்டியில் வந்த சென்னப்பண்ணனும் காட்டிலிருந்த ஆட்களும் ஓடிவந்தார்கள்.

"நான் அப்பவே சொன்னேன், கட்டை டயரு போடுன்னு! கேட்டானா? தள்ளுங்கப்பா!" என்றார் சென்னப்பண்ணன்.

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அண்ணன் ஆக்சிலேட்டரை மிதித்தார். சேறு தெறித்தது. அண்ணி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"சொல்லு" என்றாள்.

நான் டிரைவர் கூண்டின் கூரையைக் கையால் ஓங்கி ஓங்கி அடித்தேன். "யாரும் தள்ளாதீங்க! அண்ணா, மிதிக்காதீங்க! காத்த எறக்கோணும்!"

என் குரலா என்று எனக்கே தெரியவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் ஒன்றும் ஆகிவிடவில்லை. குதித்தேன். முழங்கால்வரை சேறு. தலைப்பின்னை எடுத்து வால்வை அழுத்தினேன்.

"இருபதுக்குக் கீழ என்ன எறக்கறது? டயரு ரிம்ம விட்டுக் கழண்டுக்கும் புள்ள!" என்றார் சென்னப்பண்ணன்.

"பன்னெண்டு வெக்கறேன். மெதுவாப் போனாக் கழலாது. நீங்க அந்தப் பக்கம் எறக்குங்க."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஜன்னல் வழியாக, "அவ சொல்றதச் செய்யிடா" என்றார்.

நான்கு டயரும் அமுங்கி அகலமாகச் சேற்றில் படுத்தன. அண்ணன் முதல் கியரில் மிதித்தும் மிதிக்காமலும் விட்டார். வண்டி ஒருமுறை ஆடியது. பிறகு ஏறியது. பள்ளத்தில் நின்றது எட்டு நிமிடம்.

காத்துக்கல்லில் அண்ணன் நிறுத்தாமல் போகப் பார்த்தார். "பன்னெண்டோட தாருல எறங்கக் கூடாதுங்கண்ணா" என்று மறுபடி கூரையைத் தட்டினேன். சென்னப்பண்ணனின் பம்பையும் சேர்த்து இரண்டு பம்பு வைத்து முப்பது ஏற்றினோம். அந்த நேரம் முழுவதும் அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு, "முப்பது வந்துருச்சா, முப்பது வந்துருச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தார் முழுவதும் தண்ணீர் ஓடியது. ஏழாவது திருப்பத்தில் எதிரே பஸ் வந்தது. அண்ணன் பிரேக் மிதித்தார். வண்டி நின்றது.

ஐந்து நாற்பதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு என்றார்கள். அழுகைச் சத்தம் குறைவில்லை, கதவுக்கு வெளியே கேட்டது. அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அக்டோபர் 27, திங்கள்

காலையில் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தேன். வண்டி போன வருடம் நின்ற அதே இடத்தில் நின்றிருந்தது. முழுவதும் சேறு காய்ந்து கிடந்தது. குனிந்து டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் இரண்டு காகிதக் கப்புகளோடு வந்தார். என்னிடம் வரவில்லை. ஒரு கப்பை பானெட்டின்மேல் வைத்துவிட்டு, அந்தப் பக்கமாகப் போய் நின்று தன்னுடையதைக் குடித்தார்.

"எவ்வளவு இருக்குது?" என்றார்.

"முப்பது. நாலுலயும்."

அவர் தலையை ஆட்டினார். மீட்டரைத் திரும்பக் கேட்பார் என்று கையை நீட்டினேன். வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"டீ ஆறுது."

எடுத்துக் குடித்தேன்.

காத்து: 30, 30.